சங்கு நண்டுத் தொட்டியும் வாடைக்காலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையை ஒட்டிய அறையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது, அதில் பதினொரு சங்கு நண்டுகள். பாதி, பிள்ளைகள் விளையாடிவிட்டு வாளியில் மறந்துபோனவை. மீதி, ஊரை விட்டுப் போனவர்கள் கையில் தந்துவிட்டுப் போனவை. புத்தகத்தில் துறவி நண்டு என்று எழுதுவார்கள், இங்கே பிள்ளைகள் சங்கு நண்டு என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கரையில் நடமாடும் வகையைப் பற்றித்தான் இதெல்லாம். கடலுக்குள்ளேயே இருக்கும் வகைக்கு இது பொருந்தாது.

மார்கழி பிறந்தால் கேள்விகளும் வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், நுவரெலியாவில் படிப்பிக்கிற மச்சாள், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகள் எல்லாரும் வருடா வருடம் கிட்டத்தட்ட அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

"திருகோணமலையில எங்க அண்ணை குளிர்? இதுக்கெல்லாம் சூடு காட்ட வேணுமோ?"

பெரும்பாலான வருடங்களில் வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் இங்கே இரவு வெப்பம் 23, 24 பாகை செல்சியஸ் வரை இறங்கும், அது நண்டு தாங்கக்கூடிய அளவுதான். நல்ல மூடியும் காற்றுப் படாத மூலையும் இருந்தால் போதும். ஆனால் வாடை தொடர்ந்து நாலைந்து நாள் மழையோடு வீசினால் கதை வேறு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக்கடலில் நின்றபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகள் குளிரும் ஈரக்காற்றும் தாங்காமல் செத்துப்போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் எங்கள் அறையிலேயே வெப்பமானி 20க்குக் கீழே காட்டியது. மாட்டுக்கே அந்தக் கதி என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற நண்டுக்கு என்ன ஆகும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம், இரவு முழுக்க ஏசி போடும் வீடுகள் இப்போது நிறைய. அதற்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

"சரி, எத்தனை பாகை வேணும்? ஒரே எண்ணாச் சொல்லுங்கோ."

ஒரே எண் என்றால் 27. ஆனால் தொட்டி முழுவதும் ஒரே அளவாக இருப்பதை விட ஒரு பக்கம் 28, மறு பக்கம் 25 என்று இருப்பது நல்லது, நண்டு தனக்கு எது இதமோ அங்கே தானே போய்க்கொள்ளும். 24க்கும் 29க்கும் இடையில் இருக்கும் வரை கவலை இல்லை. 22க்கு இறங்கினால் கவனிக்கத் தொடங்குங்கள், 20க்குக் கீழே நீண்ட நேரம் விடக்கூடாது. மேலே 32ஐத் தொடவே விடாதீர்கள், ஏன் என்று கடைசிக் கேள்விகளில் சொல்கிறேன்.

இந்த வெப்பத்தோடு ஈரப்பதமும் 75 சதவீதத்துக்கும் 85 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. கீழே உள்ள பதில்களில் பாதி இதைப் பற்றித்தான்.

"நண்டுதானே, கடல் தண்ணியில இருக்கிறதுதானே, அதுக்கு ஏன் சூடு?"

இது நண்டு வகைதான், ஆனால் தண்ணீருக்குள் விட்டால் மூழ்கிச் செத்துப்போகும். இதன் செவுள்கள் காற்றில் மூச்சு விடுவதற்கு ஏற்றபடி மாறியவை; அந்தச் செவுள் எப்போதும் ஈரமாக இருந்தால்தான் மூச்சு. உலர்ந்த காற்றில் கிடக்கும் நண்டு, மீனைக் கரையில் போட்டதுபோல, ஆனால் நாட்கணக்கில் மெதுவாகத் திணறும். வெளியில் பார்த்தால் தூங்குவதுபோலவே இருக்கும்.

சூடு எதற்கு என்றால், நம்மைப்போல உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள அதனால் முடியாது. சுற்றிலும் என்ன வெப்பமோ அதுதான் அதன் வெப்பம். குளிர்ந்தால் சாப்பிடாது, நடக்காது, சட்டை கழற்றுவது, அதாவது வளர்வதற்காகப் பழைய ஓட்டை உரிப்பது, தடைப்படும். நிலாவெளி மணலில் பொழுதுபடும் நேரம் அடம்பன் கொடிக்குள்ளிருந்து சரசரவென்று வெளியே வருமே, அந்தச் சுறுசுறுப்பு முழுக்க அந்த மணலின் சூடும் கடற்காற்றின் ஈரமும் கொடுப்பதுதான்.

"குளிர் பட்டுட்டுது எண்டு எப்பிடித் தெரியும்?"

முதலில் மீசையைப் பாருங்கள். சங்கு நண்டுக்கு நான்கு உணர்கொம்புகள், அதில் நீளமான இரண்டு எப்போதும் எதையாவது தடவிக்கொண்டிருக்கும், முழங்கை மாதிரி மடிந்த குட்டை இரண்டும் காற்றை மோந்து பார்ப்பதுபோல விடாமல் மேலும் கீழும் துடிக்கும். குளிர் ஏறிய நண்டில் இந்தத் துடிப்பு விட்டுவிட்டு நடக்கும், அப்புறம் நின்றே போகும். மாண்டஸ் நாட்களில் எங்கள் பெரிய நண்டு தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றது, இரவு ஒன்பதுக்குப் பார்த்தேன், விடியற்காலை ஐந்துக்கும் அதே கால் அதே இடத்தில். கையில் எடுத்தால் உள்ளே சுருங்க வேண்டும், அது பாதி சுருங்கி நின்றுவிட்டது.

அப்படிக் கண்டால் அவசரப்பட்டு சுடுதண்ணீரில் போடாதீர்கள், விளக்குக்கு நேரே பிடிக்காதீர்கள். தொட்டியோடு சேர்த்து மெதுவாக, ஐந்தாறு மணி நேரம் எடுத்து 25 பாகைக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் இருக்கட்டும், தொந்தரவு செய்யாமல் விடுங்கள். எங்கள் பெரிய நண்டு மறுநாள் மத்தியானம் ஒரு துண்டு தேங்காய்ச் சொட்டைக் கவ்விக்கொண்டு போனது.

"மேசை லாம்பை மேல வைச்சா சூடு வராதோ? வீட்டில கிடக்குது."

இப்போதைய எல்இடி பல்ப் என்றால் சூடே வராது. பழைய குண்டு பல்ப் என்றால் வரும், ஆனால் அது மேலிருந்து நேராக அடித்து முதலில் உறிஞ்சுவது ஈரத்தை. மேலே மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால்தான் பல்ப் வைக்க முடியும், திறந்தால் இருக்கிற ஈரமும் போய்விடும். சூடு இருக்கும், நண்டு மூச்சுத் திணறும். அதோடு இரவில் உலாவும் உயிரின் முகத்தில் இரவு முழுக்க வெளிச்சம் அடிப்பதும் சரியில்லை. பல்ப்பை விடுங்கள்.

"வெயிலில வைக்கலாமோ? காலையில மட்டும்."

வேண்டாம். மூடிய கண்ணாடித் தொட்டி வெயிலில் கார் மாதிரி, பத்திருபது நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும். மாசி வெயிலை இளவெயில் என்று நம்பி முற்றத்தில் வைத்தவர்கள் என்னிடம் அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள்.

"ஹீட் மேட் வாங்கினா அதைத் தொட்டிக்குக் கீழதானே வைக்கிறது?"

ஹீட் மேட் என்றால் மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய விரிப்பு. கடைகளில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், பெட்டியிலும் சில நேரம் அப்படிப் படம் போட்டிருக்கும். சங்கு நண்டுக்கு அது தவறு. மணலில் ஆழமாகத் தோண்டினால் குளிர்ச்சி கிடைக்கும் என்பது இதன் பிறவிப் பழக்கம். அடியில் ஹீட் மேட் இருந்தால், சூடு தாங்காமல் தோண்டும் நண்டு இன்னும் சூட்டுக்குள்ளேதான் போகும். சட்டை கழற்றப் போய் மணலுக்குள் அசையாமல் கிடக்கும் நண்டுக்கோ தப்பவே வழி இல்லை. அடி மணல் காய்ந்து பொடியாகும், கண்ணாடியும் வெடிக்கலாம்.

ஹீட் மேட் போக வேண்டிய இடம் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடி, வெளிப்புறத்தில், மணல் மட்டத்துக்கு மேலே. நாம் சூடாக்க நினைப்பது காற்றை. நடுவில் இருந்து ஒரு பக்கமாகத் தள்ளி ஒட்டினால் மேலே சொன்ன 28, 25 வித்தியாசம் தானே கிடைக்கும். ஒட்டிய பிறகு அதன் முதுகில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளி நுரைத் தாளை வையுங்கள், இல்லாவிட்டால் பாதிச் சூடு சுவருக்குத்தான் போகும். வயரைத் தொட்டியிலிருந்து நேரே பிளக்குக்கு இழுக்காமல், பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்க விட்டு மேலே கொண்டுபோங்கள். வயர் வழியாக வடியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

"தெர்மோஸ்டாட் கட்டாயமோ? விலை கூடச் சொல்லுறாங்கள்."

கட்டாயம். வைத்த வெப்பம் வந்ததும் ஹீட் மேட்டை நிறுத்தி, குறைந்தால் மீண்டும் போடும் கருவிதான் தெர்மோஸ்டாட். அது இல்லாத ஹீட் மேட் இரவில் அளவாக இருக்கும், மறுநாள் மத்தியானம் வெயில் ஏறி அறை 31 ஆனாலும் அது பாட்டுக்குச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் இது கனடாவை விட ஆபத்து, வாடைக்காலத்திலும் மழை விட்ட மறுநாள் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

அதன் உணர்முனையை ஹீட் மேட்டில் ஒட்டாதீர்கள், தொட்டிக்குள் நடுப்பகுதியில் மணலுக்கு இரண்டு விரல் மேலே நண்டு நடமாடும் உயரத்தில் கட்டுங்கள். நண்டு இழுத்துவிடும், நன்றாகக் கட்டுங்கள். 27இல் வையுங்கள். முதல் இரண்டு நாள் நண்டு இல்லாத தொட்டியில் ஓடவிட்டுப் பாருங்கள்.

"எத்தனை வொட் வாங்கட்டும்?"

வொட்டை விடப் பரப்பைப் பாருங்கள். பின்பக்கக் கண்ணாடியில் மணலுக்கு மேலே உள்ள இடத்தில் முக்கால் பங்கையாவது மூட வேண்டும். ஊர்வனவுக்கு என்று விற்கும் சின்னத் துண்டுகள் அந்த இடத்தை மட்டும் சுடுமே தவிர, மூன்றடித் தொட்டியின் காற்றை அசைக்காது. நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது, தை மாத இரவில் 10 பாகைக்கும் கீழே போகும், சில விடியல்களில் புல்லில் பனி உறையும். அங்கே ஒரு பக்கம் போதாது, பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் வேண்டும், ரெஜிபோமும் (மீன் பெட்டி செய்யும் வெள்ளை நுரைப் பலகை) வேண்டும். உப்புவெளியில் பின்பக்கம் மட்டும் போதும்.

"கனடாவில இருந்து மாமா ஹீட் மேட் கொண்டு வந்தவர். பின் மாத்தி இங்க குத்தலாமோ?"

குத்தாதீர்கள்! பின்னை மாற்றும் சின்ன அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. கனடாவில் 120 வோல்ட், இலங்கையில் 230. சூடாக்கும் கம்பியில் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு கூடும், அதனால் இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏறக்குறைய நாலு மடங்கு வெப்பம், கணக்காகச் சொன்னால் 3.7 மடங்கு. 16 வொட் ஹீட் மேட் கிட்டத்தட்ட 59 வொட் ஆகிவிடும். உருகும், தீப்பிடிக்கலாம், கண்ணாடி பிளக்கும்.

மாமா கொண்டு வந்தது வீணாகக் கூடாது என்றால் 230ஐ 120 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்போர்மர் வாங்கிப் பாவியுங்கள். லண்டனில் இருந்து வந்தது என்றால் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230. இங்கே வாங்கியதை ரொறொன்ரோவுக்குக் கொண்டுபோனால் எதிர்ப்பக்கம் நடக்கும், கால்வாசி வெப்பம்தான் வரும், பழுதாகிவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள்.

"ஹீட் மேட் போட்ட பிறகு ஈரப்பதம் 50க்கு இறங்கிட்டுது. தண்ணி தெளிச்சுத் தெளிச்சுக் கை நோகுது."

இது தண்ணீர் குறைந்ததால் வந்தது இல்லை. சூடான காற்று கூட நீராவியைத் தாங்கும், அதனால் அதே அளவு நீராவி சூடான காற்றில் குறைந்த சதவீதமாகத் தெரியும். 20 பாகையில் 80 சதவீதம் ஈரமுள்ள காற்றை அப்படியே 27க்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 53 சதவீதம்தான் காட்டும். ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை! ஆனால் நண்டின் செவுளுக்கு அது உலர்ந்த காற்றுதான்.

அதனால் சூட்டோடு சேர்த்து ஈரம் ஊற வழி செய்ய வேண்டும். தெளிப்பது ஒரு மணி நேரத்துக்குத்தான். மணலையே ஈரமாக வையுங்கள், பிள்ளைகள் மணல்வீடு கட்டுகிற பதம், பிடித்தால் நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்) கலந்தால் ஈரம் தங்கும். தண்ணீர்க் கிண்ணங்களைச் சூடான பக்கத்தில் வையுங்கள். இன்னும் போதாது என்றால் மீன்தொட்டிக் காற்றுப் பம்பியின் குழாயை ஒரு கிண்ணத்துக்குள் விட்டுக் குமிழி வர வையுங்கள், ஒரே இரவில் பத்துப் பதினைந்து சதவீதம் ஏறுவதைக் கண்டிருக்கிறேன். மூடி வலையாக இருந்தால் இதெல்லாம் வீண். வலைக்கு மேலே தடித்த பொலித்தீன் விரித்து ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

ஸ்காபரோ தங்கச்சிக்கு: உங்கள் வீட்டில் பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது அறைக் காற்றே பாலைவனம், உதடு வெடிக்கிறதே, அதே காற்றுதான். தொட்டியை அந்தச் சூட்டுக்காற்று வரும் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஜன்னலுக்குப் பக்கத்திலும் வேண்டாம், உள்சுவரோரம் வையுங்கள்.

"என்ன தண்ணி? குழாய்த் தண்ணி சரியோ?"

குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது, செவுளைக் காயப்படுத்தும். மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி சில சொட்டு விட்டுப் பாவியுங்கள். நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், கடல் உப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம், இரண்டும் கட்டாயம். சமையல் உப்பைக் கரைக்காதீர்கள். நாங்கள் திறந்த கடற்பக்கம் அலை தெளிவாக இருக்கும் நாளில் ஒரு கான் அள்ளி வருகிறோம், துறைமுகப் பக்கத்துத் தண்ணீர் எடுப்பதில்லை. குளிர் நாளில் ஊற்றும் தண்ணீரும் தொட்டி வெப்பத்துக்கு வந்த பிறகே ஊற்றுங்கள்.

ஒரு சின்னப் பிள்ளை கேட்டான், "மாமா, கன்னியாவில இருந்து சுடுதண்ணி கொண்டு வந்து ஊத்தினா?" என்று. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஒவ்வொரு சூடு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, எது தோதாக இருக்கும் என்றும் யோசித்து வைத்திருக்கிறான். தம்பி, கன்னியாவில் இருந்து வீடு வருவதற்குள் அது ஆறிவிடும், ஆறாவிட்டாலும் கிண்ணத்துத் தண்ணீர் தொட்டியைச் சூடாக்காது. அதோடு அது மக்கள் நீராடும் இடம், அங்கேயே இருக்கட்டும்.

"கண்ணாடி முழுக்க வேர்க்குது. நண்டே தெரியேல்ல. நல்லதோ கெட்டதோ?"

லேசாக வேர்ப்பது நல்ல அறிகுறி. வழிந்து ஓடினால் கவனம். உள்ளே சூடான ஈரக்காற்று, வெளியே குளிர்ந்த கண்ணாடி, அதில் பட்டதும் நீராகிறது. அந்த நீர் கண்ணாடியோரமாக வழிந்து மணலின் அடிக்குப் போய்த் தேங்கும். மேலே மணல் சரியாகத் தெரியும், அடியில் சேறு. தொட்டியின் பக்கக் கண்ணாடி வழியாக அடி மணலைப் பாருங்கள், கறுப்பாகவோ தண்ணீர் நிற்பதுபோலவோ தெரிந்தால், அழுகிய முட்டை வாடை வந்தால், அங்கே புதைந்து கிடக்கும் நண்டுக்கு ஆபத்து.

மருந்து கண்ணாடியை வெளியிலிருந்து மூடுவது. சந்தையில் மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டி உடைந்தால் எறிந்துவிடுவார்கள், கேட்டால் தருவார்கள். கழுவிக் காயவைத்து, பின்பக்கமும் இரு பக்கமும் அளவாக வெட்டி வெளியே கட்டுங்கள். ஐஸ் உருகாமல் வைக்கிற அதே பொருள் சூட்டையும் போகவிடாது. எங்கள் தொட்டிக்கு வாடைக்காலத்தில் பெரும்பாலும் இது மட்டும்தான் பாதுகாப்பு, ஹீட் மேட் வருடத்தில் பத்து நாள் ஓடினால் அதிகம். ரெஜிபோமைத் தொட்டிக்குள்ளே மட்டும் வைக்காதீர்கள், நண்டு கடித்துத் தின்னும்.

"என்ர மானி 90 காட்டுது, தம்பியின்ர 68 காட்டுது. ஒரே தொட்டி!"

இரண்டையும் சோதியுங்கள். ஒரு போத்தல் மூடியில் உப்பு நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள், கரையக்கூடாது, ஈரமான களி மாதிரி இருக்க வேண்டும். அதையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி ஒரு இரவு விடுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும், அது உப்பின் இயல்பு. உங்கள் மானி 83 காட்டினால் எப்போதும் 8 கூட்டிக் காட்டுகிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

"மழை, புயல், கரண்ட் இல்லை. இரவு முழுக்க என்ன செய்யிறது?"

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளிப் பக்கம் கரை கடந்தது. அன்று மின்சாரம் போனதும் எனக்கு முதலில் வந்த பயம் கூரை, அடுத்தது தொட்டி. செய்தது இவ்வளவுதான்: ஒன்றரை லீட்டர் போத்தல்கள் நான்கில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றையும் பழைய துவாயால் சுற்றி, கண்ணாடிக்கும் ரெஜிபோமுக்கும் இடையில் வெளிப்பக்கமாக நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரு தடித்த போர்வையால் மூடினேன். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை காஸ் அடுப்பில் சுடவைத்து மாற்றினேன். கொதிக்கும் தண்ணீர் ஊற்றாதீர்கள், போத்தல் சுருங்கி ஒழுகும். விடியும்போது உள்ளே 25.

கரண்ட் போனதும் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், அதிலேதான் பாதிச் சூடு போகும். ஈர மணல் நிறைய இருந்தால் அதுவே பல மணி நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பனி நாடுகளில் கைக்குள் வைத்துச் சூடேற்றும் சின்னப் பொட்டலம் விற்கிறார்கள், அதையும் வெளியே மட்டும் வையுங்கள். உள்ளே இருக்கும் இரும்புத் தூள் ஒட்சிசனை உறிஞ்சித்தான் சூடாகிறது, மூடிய தொட்டிக்குள் நண்டின் காற்றையே எடுத்துவிடும். மெழுகுதிரியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் யோசனையை நினைக்கவே வேண்டாம்.

"ஏசி அறையிலதான் இடம் இருக்குது. 22இல போடுறம்."

அறை 22 என்றால் விடியும்போது தொட்டியும் 22 ஆகிவிடும், வாடைக்காலம் வருடத்துக்கு இரண்டு மாதம், உங்கள் ஏசி வருடம் முழுக்க. காற்று நேரே படாத இடம், ரெஜிபோம், தெர்மோஸ்டாட்டோடு ஹீட் மேட், மூன்றும் வேண்டும். ஆனால் திருகோணமலையில் ஏசி அறைக்குள் ஹீட்டர் ஓட்டிச் செலவழிப்பதை விடத் தொட்டியை வெளி அறைக்கு மாற்றுங்கள். இடம் இல்லை என்றால் நண்டு வளர்க்காமல் இருப்பதே நல்லது, மனம் நோகச் சொல்லவில்லை.

"மண்ணுக்குள்ள போய் அஞ்சு கிழமை. குளிரில செத்துப்போச்சோ? தோண்டிப் பார்க்கட்டோ?"

தோண்டாதீர்கள். இது எனக்கு வரும் கேள்விகளில் மிகவும் வலிக்கிற கேள்வி, ஏனென்றால் தோண்டிய பிறகுதான் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். சட்டை கழற்றும் நண்டு மணலுக்குள் ஒரு சிறு அறை செய்து அதற்குள் கிடக்கும். பழைய ஓட்டை விட்டு வெளியே வரும்போது உடல் பாலாடை மாதிரி மெத்தென்று இருக்கும், விரல் பட்டாலே கிழியும். சின்ன நண்டுக்கு நான்கு முதல் எட்டுக் கிழமை, பெரியதற்கு இரண்டு மூன்று மாதமும் ஆகும். கழற்றிய ஓட்டையே அது மெல்ல மெல்லத் தின்று பலம் பிடிக்கும். அடி மணல் குளிர்ந்து கிடந்தால் இந்தக் கணக்கு இன்னும் நீளும்.

செய்ய வேண்டியது, காற்றின் வெப்பத்தை 26, 27இல் விடாமல் வைத்திருப்பது. மேல் காற்றுச் சூடு மெதுவாக மணலுக்குள்ளும் இறங்கும். மணல் 15 சென்ரிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பெரிய நண்டு என்றால் அதன் உயரத்தைப்போல மூன்று மடங்கு. செத்திருந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகாது, கருவாட்டை விட மோசமான மீன் வாடை மணலுக்கு மேலே வரும். வாடை இல்லையா, காத்திருங்கள்.

"இரவு தெர்மோஸ்டாட் முனை கழண்டு விழுந்திட்டுது, காலையில 35. இப்ப என்ன?"

மேலே 32 என்று சொன்னது இதற்காகத்தான். குளிர் நண்டை மெதுவாக அடக்கும், பல நேரம் மீட்டுவிடலாம். அதிகச் சூடு சில மணி நேரத்தில் உள்ளே அழித்துவிடும், வாயோரம் பழுப்பாக நீர் கசியத் தொடங்கினால் பிழைப்பது அரிது. உடனே பிளக்கைக் கழற்றுங்கள், மூடியைத் திறந்து நிழலான, காற்றோட்டமான இடத்தில் வெப்பத்தைத் தானாக இறங்க விடுங்கள், ஐஸ் வைக்காதீர்கள். அறை வெப்பத்தில் உள்ள நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் புதிதாக வையுங்கள். மேலே இருப்பவற்றைப் பார்த்துவிட்டு, புதைந்தவை இருக்கும் மணலைத் தொடாமல் விடுங்கள், ஆழத்தில் சூடு குறைவாக இருந்திருக்கும், அவை தப்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்புறம் உணர்முனையைப் புதிதாகக் கட்டும்போது மேலே சொன்ன இடத்திலேயே இரண்டு முடிச்சாகக் கட்டுங்கள்.

"இவ்வளவு கரைச்சல் எண்டா வாடை முடியும் வரை கடற்கரையில விட்டிடலாமோ?"

எங்கிருந்து வந்த நண்டு என்பதைப் பொறுத்தது. கடையில் வாங்கியது, வேறு நாட்டிலிருந்து வந்தது, அப்படிப்பட்டவற்றோடு ஒரே தொட்டியில் இருந்தது என்றால் விடக்கூடாது, நம் கரையில் இல்லாத நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கனடாவில் விற்பவை பெரும்பாலும் கரீபியன் பக்கத்தவை. எங்கள் பதினொன்றும் கலந்தவை, அதனால்தான் அவை இன்னும் எங்களோடு இருக்கின்றன. தொட்டியில் இவை குஞ்சு பொரித்து வளர்வது மிக அரிது, கடையில் உள்ள ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கரையில் பிடித்ததுதான்.

போன கிழமை பிள்ளை உப்புவெளியில் பிடித்து வந்து வாளியில் வைத்திருக்கிறது என்றால், ஆம், விடுங்கள், வாடை முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். மழை இல்லாத ஒரு பின்னேரம், பிடித்த அதே கரைக்குக் கொண்டுபோங்கள். வேறு கரையில் விடாதீர்கள். புறாத்தீவுக்கும் வேண்டாம், அது 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே எதையும் எடுக்கவும் கூடாது, கொண்டுபோய் விடவும் கூடாது. நன்மை செய்வதாக நினைத்துத் தண்ணீருக்குள் எறிய வேண்டாம், மூழ்கிவிடும். அலை தொடாத உயரத்தில், அடம்பன் கொடி படர்ந்த இடத்தில், ஈர மணலில் சங்கின் வாய் கீழே இருக்கும்படி வைத்துவிட்டு நாலடி தள்ளி நில்லுங்கள். முதலில் மீசை வரும், அப்புறம் இடது கொடுக்கு.